எல்லையில் நின்ற வேன்

பக்கத்து உரக்கடைக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே! உங்களுக்கு ட்ரங்க் கால். உங்க பையன் பேசறாரு. குரலே சரியில்லை, ஓடி வாங்க!"

கண்ணையன் ஓடவில்லை, நடந்தார். காலையில் தன்னை விட்டுவிட்டுப் போனவர்களுக்காக ஓடுவதாவது!

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரமும் ஓமந்தூரில் சொந்த நிலமும் உள்ள கண்ணையன் ஒன்று சொன்னால் சொன்னதுதான். பாண்டிச்சேரிக்கு நர்ஸ் படிக்கப் போன மகள் கிருஷ்ணவேணி, அங்கேயே தேவசகாயத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, "இனிமே பாண்டி எல்லையை மிதிக்க மாட்டேன்" என்று சொன்னார். மூன்று வருஷமாயிற்று. மிதிக்கவில்லை. கடலூர் கோர்ட்டில் வேலை என்றால்கூட விழுப்புரம், பண்ருட்டி என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போய் வருகிறார்.

கோவிந்தம்மாளும் அவருக்காக மூன்று வருஷம் பொறுத்தாள். பேத்தி பிறந்து, பேர் வைக்க நாளும் குறித்து ஆள் வந்தபிறகு அவளால் பொறுக்க முடியவில்லை. இன்று காலை தொட்டிலும் பித்தளைக் குடங்களும் அரிசி மூட்டையுமாக, மகன் சீனுவாசன் ஓட்டும் டூரிஸ்ட் வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கணவரைப் பார்த்து, "நீங்களும் வர்றீங்களா?" என்றுகூடக் கேட்கவில்லை. "ரசம் அடுப்பு மேல இருக்குது" என்றாள். வேன் கிளம்பிப் போயிற்று.

கண்ணையன் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார்.

"அப்பா... கோரிமேட்டுல நிறுத்திட்டாங்கப்பா."

"யாரு?"

"செக்போஸ்ட்ல. டூரிஸ்ட் வண்டி ஸ்டேட்டு தாண்டிப் போவணும்னா பர்மிட் வேணுமாம்."

"வேணுமாமா? வண்டி ஓட்டறவன் நீதானேடா! உனக்குத் தெரியாதா?"

"வாடகை சவாரி இல்லையே, நம்ம ஜனங்கதானேன்னு நெனைச்சிட்டேன்பா. பாண்டி வேற பக்கத்துலயே இருக்குதா... அது இன்னொரு ஸ்டேட்டுன்னே தோணலை."

"சரி, வண்டியைத் திருப்பிக்கினு வந்து சேரு."

மறுமுனையில் சீனுவாசன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா வரமாட்டேங்குது. வேன் போனா பாண்டிக்குத்தான் போவும், இல்லன்னா நான் இங்கியே இருக்கிறேன்னு சொல்லிட்டு டீக்கடையில உக்காந்துக்கினு இருக்குது. பெரியத்தை வேற வாடி கோவிந்து, இங்கியே அடுப்பு மூட்டிடலாம்னு..."

"பெரியத்தையா? எங்க அக்கா அங்க இன்னா பண்ணுது?"

"ஓமந்தூர் போயி ஏத்திக்கினு வந்தோம்பா. கூட இன்னும் நாலஞ்சு பேரு." அவர்கள் பேர்களையும் வரிசையாகச் சொன்னான்.

கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டார். கூடப் பிறந்த அக்கா வெள்ளையம்மாளும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

"பர்மிட்டு விழுப்புரம் ஆபீஸ்லதான் வாங்கணுமாம். வண்டி உங்க பேர்ல இருக்குது, நீங்கதான் கையெழுத்துப் போடணும். ஒரிஜினல் பேப்பருங்க பீரோவுல இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள கொழந்தைக்குப் பேரு வைக்கணும்னு அக்கா..."

லைன் அறுந்துவிட்டது.

"இன்னாண்ணே?" என்றார் உரக்கடைக்காரர்.

"வண்டி நின்னுபோச்சி."

"எங்க?"

"ரோட்டுல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அந்த வேனின் நெற்றியில் கொட்டை எழுத்தில் அவர் பேர்தான் எழுதியிருந்தது. அது செக்போஸ்ட்டில் நிற்பதைத் திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் ஜனங்கள் பார்ப்பார்கள். அதற்காகத்தான் போகிறோம், வேறு எதற்காகவும் இல்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு பீரோவைத் திறந்தார். பேப்பர்களை எடுத்தார். வேட்டியை மாற்றினார். வெளுத்து இஸ்திரி போட்ட வேட்டி. ஆபீசுக்குப் போகிறவருக்கு எதற்கு விசேஷத்துக்குக் கட்டுகிற வேட்டி என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

விழுப்புரம் பஸ் கிடைத்து, நின்றபடியே வந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் மனு எழுதிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கவுன்ட்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள். கண்ணையனுக்குப் பின்னால் லாரிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

அந்த அம்மாள் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாண்டிச்சேரின்னு மட்டும் போட்டிருக்கீங்க. பாண்டிச்சேரியில எங்க?"

"முத்தியால்பேட்டை. சந்தனமாரி தெரு. புது நம்பர் எட்டு. சோடாக் கம்பெனிக்கு எதிர்வீடு."

சொல்லி முடித்தபிறகுதான் கண்ணையனுக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்த விலாசத்தை அவர் யாரிடமும் கேட்டதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோவிந்தம்மாள் மகளுக்குப் பார்சல் கட்டுவாள். அவள் சொல்லச் சொல்ல சீனுவாசன் மேலே எழுதுவான். அப்போதெல்லாம் கண்ணையன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பேப்பரில் என்ன இருந்தது என்று அவருக்கு ஒருநாளும் நினைவு இருந்ததில்லை.

"எதுக்காகப் போவுது வண்டி?"

"டூர்."

"டூர்னா எந்தெந்த இடம் பாக்கறீங்கன்னு எழுதணுமே. பீச்சா, ஆசிரமமா, பொட்டானிக்கல் கார்டனா?"

கண்ணையன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவரே, ஜல்தி சொல்லுங்க. லோடு நின்னுக்கினு இருக்குது" என்றார் பின்னால் நின்ற லாரிக்காரர்.

"ஒரு வீட்டு விசேஷம்" என்றார் கண்ணையன்.

"யார் வீட்டு விசேஷம்?"

அந்த அம்மாள் வம்புக்குக் கேட்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி எழுதுவதற்காகத்தான் கேட்டாள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. மூன்று வருஷமாக அவர் வாயால் சொல்லாத வார்த்தை. யாராவது கேட்டால், "எனக்கு ஒரு பையன்" என்று மட்டும் சொல்லிப் பழகியிருந்தார்.

"எம் பொண்ணு வீட்டு விசேஷம்" என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கனைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னார். "எம் பொண்ணு வீட்டுலங்க. பேத்திக்குப் பேரு வைக்கிறாங்க."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு வேர்த்தீங்க?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். எழுதினாள். பிறகு பயணிகளின் பேர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"இதுல உங்க பேரு இல்லையே?"

"நான் போவலை."

"பேத்திக்குப் பேரு வைக்கிறாங்க, தாத்தா போவலையா?"

கண்ணையன் கவுன்ட்டர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரிக்காரரும் இப்போது அவசரப்படுத்தவில்லை. பதிலைக் கேட்க அவரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சீட்டு ஒண்ணு மீதி இருக்குது" என்றாள் அந்த அம்மாள். "அதிகாரி கையெழுத்துப் போட்டப்புறம் வந்து சேர்த்துக்குங்கன்னா சேர்க்க முடியாது."

"எழுதினா போயே ஆவணும்னு இல்லையே?"

"இல்லை."

"அப்ப எழுதிக்குங்க. சொம்மா எழுதி வையுங்க."

முத்திரை விழுந்த பர்மிட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அங்கேதான் நிஜமான சங்கடம் காத்திருந்தது.

விழுப்புரத்திலிருந்து கோரிமேட்டுக்குப் போக இரண்டு வழி. திண்டிவனம் போய், பஸ் மாறி, கிளியனூர் வழியாக வந்தால் எல்லைக்கு இந்தப் பக்கத்திலேயே போய் இறங்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிடுவார்கள். இன்னொன்று நேராகப் பாண்டிக்குப் போகிற பஸ். அங்கே இறங்கித் திண்டிவனம் பஸ் பிடித்தால் கோரிமேடு ஊர் எல்லையிலேயே இருக்கிறது. பொழுது இருக்கும்போதே போய்விடலாம். என்ன, பாண்டிக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும்.

திண்டிவனம் பஸ்ஸும் நின்றது. பாண்டி பஸ்ஸும் நின்றது.

கண்ணையன் ஒரு கோலி சோடா வாங்கிக் குடித்தார். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். டிரைவர் வந்து என்ஜினைக் கிளப்பினார். கண்ணையனுக்குத் திடீரென்று மனைவியின் நினைவு வந்தது. டீக்கடை பெஞ்சில், காலையில் தலையில் வைத்த மல்லிகை வாடிப்போக, ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். இந்த மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட, "நம்ம பொண்ணைப் பாக்கணும்" என்று அவள் அவரிடம் அழுததில்லை. அழுதிருந்தால் அதட்டி அடக்கியிருக்கலாம்.

"இறங்கணும், இறங்கணும்! வழி விடுங்க!"

"இப்பதானேய்யா ஏறினே!" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸு மாறி ஏறிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கண்ணையன் குதித்து, நகரத் தொடங்கியிருந்த பாண்டி பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொற்றினார்.

விழுப்புரம் தாண்டியதும் அவர் சட்டைப் பையிலிருந்த பர்மிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மதகடிப்பட்டில் பிராந்திக் கடைகளின் வரிசை தொடங்கியது. அப்படியென்றால் எல்லை போய்விட்டது. யாரும் பஸ்ஸை நிறுத்தவில்லை. யாரும் அவரை, "நீ யார், ஏன் வந்தாய்" என்று கேட்கவில்லை. பக்கத்து சீட்டு ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணையன் வெளியே எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமும் மல்லாட்டைக் கொல்லைதான். அங்கேயும் பெண்கள் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ப்பு கொஞ்சம் சுமார்தான் என்று வியாபாரியின் கண் கணக்குப் போட்டது.

கோரிமேட்டு டீக்கடை அதற்குள் கல்யாண வீடாகியிருந்தது. ஓமந்தூர்ப் பெண்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக் காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்திருந்தார்கள். "சாப்பாடு வேற, சட்டம் வேறம்மா. பர்மிட் வராம வண்டி நகராது" என்று சொல்லிவிட்டு அவரும் சாப்பிட்டார். வெள்ளையம்மாள் தாலாட்டு ஒன்றை இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவிந்தம்மாள் மட்டும் திண்டிவனம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், குடையைப் பிடித்தபடி ஒரு வாலிபன் நின்றான். அவன்தான் தேவசகாயம். விருந்தாளிகளைக் காணோமே என்று ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு வந்தவன், "நீங்க மட்டுமாவது வீட்டுக்கு வாங்க அத்தை" என்று எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தான்.

"எம் பொண்ணு வீட்டு வாசல்ல முதல் தடவை இறங்கறேன் மாப்ளே. ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து வந்து இறங்குவனா? எங்க வீட்டு வண்டியிலதான் இறங்குவேன்" என்று சொல்லிவிட்டாள்.

"பர்மிட் வருமான்னே தெரியலையேம்மா" என்றான் சீனுவாசன். "லைன் வேற கட் ஆயிடுச்சி. அப்பா கிளம்பினாரோ இல்லையோ."

"கிளம்பியிருப்பாரு."

"எப்படிச் சொல்றே?"

"வண்டி அவரு பேர்ல இருக்குதில்ல?" என்றாள் கோவிந்தம்மாள். ஆனால் குரலில் அவ்வளவு திடமில்லை.

பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கமே நின்றது. தாலாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வெள்ளையம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏ கோவிந்து! உம் புருஷன் பாண்டியிலேருந்து வர்றான் பாரு!"

"வெயில்ல உங்களுக்குக் கண்ணு கலங்கிப்போச்சி அண்ணி."

"எனக்கா? கூடப் பொறந்தவனைத் தெரியாது? அந்த நடையைப் பாரு, வாத்து மாதிரி!"

கோவிந்தம்மாள் திரும்பினாள். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, தடுப்புக் கட்டையைக் குனிந்து தாண்டி, பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தார் கண்ணையன்.

அத்தனை பெண்களும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

"இன்னா பாக்கறீங்க?" என்று அதட்டினார் அவர். "விழுப்புரத்துலேருந்து இதான் குறுக்கு வழி."

வெள்ளையம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு போலீஸ்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்; அவள் சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

தேவசகாயம் குடையை மடக்கிவிட்டு முன்னால் வந்தான்.

"வாங்க மாமா."

கண்ணையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வருஷமாக மனசுக்குள் இவனிடம் பேசுவதற்காக எத்தனையோ கடுமையான வாசகங்களைத் தயாரித்து வைத்திருந்தார். ஆனால் அவனுக்குப் பின்னால் நின்ற ஸ்கூட்டர்தான் கண்ணில் பட்டது.

"வண்டியை இப்படியா நட்ட வெயில்ல போடறது? பெட்ரோல் ஆவியாப் போவாது?"

"இதோ மாமா" என்று தேவசகாயம் ஓடிப்போய் ஸ்கூட்டரைப் புளியமரத்து நிழலுக்குத் தள்ளினான். பரீட்சையில் தேறியவனைப்போல அவன் முகம் மலர்ந்திருந்தது.

கண்ணையன் பர்மிட்டை எடுத்து மகனிடம் நீட்டினார். "இந்தா. கொண்டாந்துட்டேன். நான் கிளம்பறேன்."

"எங்கப்பா?"

"ஊட்டுக்குத்தான்."

அதற்குள் போலீஸ்காரர் பர்மிட்டை வாங்கிப் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கோவிந்தம்மாள், வெள்ளையம்மாள் என்று கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். கடைசிப் பேரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணையன். யாருங்க கண்ணையன்?"

வேனுக்குள் ஜன்னல் ஜன்னலாக முகங்கள் தெரிந்தன.

"நான்தான்" என்றார் கண்ணையன்.

"அப்ப ஏறுங்க சார். வண்டியை எடுக்கணும்."

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். கண்ணையன் ஏறி உட்கார்ந்தார். தேவசகாயம் ஸ்கூட்டரில் முன்னால் போக, சீனுவாசன் ஹாரனை ஒரு தடவை அழுத்தினால் போதும் என்ற இடத்தில் மூன்று தடவை அழுத்திக்கொண்டு வேனைப் பாண்டிக்குள் விட்டான்.

முத்தியால்பேட்டையில் அந்தச் சின்ன ஓட்டுவீட்டின் வாசலில் மஞ்சள் வெயில் சாய்ந்திருந்தது. கிருஷ்ணவேணி ஆரத்தித் தட்டோடு நின்றாள். முதலில் இறங்கிய அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண் நிறைந்தது. அம்மாவுக்குப் பின்னால் இறங்கியவரைப் பார்த்ததும் தட்டு ஆடி, ஆரத்தித் தண்ணீர் அவள் புதுப் புடவையில் கொட்டியது.

"தட்டை ஒழுங்காப் புடிக்கிறதில்லை? சின்ன வயசுலேருந்து இதே பழக்கம்" என்றார் கண்ணையன்.

"வாங்கப்பா" என்றாள் கிருஷ்ணவேணி.

உள்ளே போனதும் சண்டையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவள் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, "தலையைப் பாத்துப் புடிச்சிக்குங்க" என்றாள். நர்ஸ் அல்லவா! கண்ணையன் ஆடாமல் அசையாமல், கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாள் தாலாட்டைத் தொடங்கினாள். சீனுவாசன் தொட்டிலை மாட்ட விட்டத்தில் கொக்கி தேடினான். கூடம் முழுவதும் சத்தமும் சிரிப்புமாக இருந்தது.

சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்து உடுப்பில் தேவசகாயத்தின் அப்பா. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லவேளை சம்பந்தி, நீங்களே வந்துட்டீங்க. உங்க வாயாலேயே பேரைச் சொல்லிடுங்க. நாளைக்குக் காலையில பிரெஞ்சு கான்சுலேட்ல எழுதிக் குடுக்கணும். கொழந்தை பேரு இல்லாமத்தான் பாஸ்போர்ட்டு நின்னுக்கினு இருக்குது."

"பாஸ்போர்ட்டா?" கண்ணையன் நிமிர்ந்தார். "இந்தக் கொழந்தைக்கா? எதுக்கு?"

தாலாட்டு நின்றது. தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டான். கிருஷ்ணவேணி அம்மாவைப் பார்த்தாள். கோவிந்தம்மாள் பித்தளைக் குடத்தைத் தலைப்பால் துடைப்பதில் மும்முரமானாள். அந்தக் குடத்தில் தூசி ஒன்றும் இல்லை.

கண்ணையன் மனைவியையே பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அதில் எழுதியிருந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும். தெரிந்துதான், பேப்பர் படிக்கிற மனுஷனை வீட்டில் விட்டுவிட்டு, இன்றைக்கே கிளம்பி வந்திருக்கிறாள்.

"பிரெஞ்சு தேசத்துக்கு எப்ப போறாங்க கோவிந்து?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. மடியில் குழந்தை கொட்டாவி விட்டது.